நியாயமாக இருந்து என்ன கண்டேன் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளே,

உன் ஆபீசில் பொய்க் கணக்கு காட்டியவருக்குப் பதவி உயர்வு. மாட்டேன் என்ற உன்னை ஓரங்கட்டிவிட்டார்கள். "நியாயமா இருந்து என்னப்பா கண்டேன்?" என்று நீ கேட்டபோது போனில் சட்டென்று பதில் வரவில்லை. எனக்கு எழுதினால்தான் கோவையாக வரும்.

நல்லவனுக்கு நல்லதே நடக்கும் என்று தேற்றப் போவதில்லை. பொறாமைக்காரனின் செல்வமும் செம்மையானவனின் கேடும் யோசிக்க வேண்டியவை என்று சொல்லிவிட்டு, வள்ளுவரே அந்தக் குறளை அதோடு முடித்துக்கொண்டார்.

1980 வாக்கில் ராபர்ட் ஆக்செல்ராட் என்ற பேராசிரியர் கணினி நிரல்களுக்குள் ஒரு போட்டி வைத்தார். ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம், இல்லை ஏமாற்றலாம்; அதற்கேற்பப் புள்ளி கிடைக்கும். ஒவ்வொரு எதிராளியோடும் 200 முறை ஆட வேண்டும். ஜெயித்தது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதலில் ஒத்துழைக்கும், அப்புறம் எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும், அவ்வளவுதான். இதைக் காட்டி நேர்மைக்கே லாபம் என்பார்கள். பாதிதான் சரி. மறுபடி மறுபடி முகத்தில் விழிக்க வேண்டியவர்களிடம்தான் அந்தக் கணக்கு செல்லும். ஒரே முறை, அதுவும் யாரும் பார்க்கவில்லை என்றால்?

பழைய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதிய உரையாடலில் கிளாக்கன் என்பவர் கேட்பதும் அதுதான். திருகினால் ஆளை மறைக்கும் மோதிரம் கிடைத்தவன் எதற்கு நியாயமாக இருக்க வேண்டும்? அநியாயம் செய்பவனின் மனம் உள்ளுக்குள்ளேயே குலைந்துபோகும் என்பது பிளேட்டோ தரும் பதில். எனக்கு முழுதாக ஒப்பவில்லை. செய்வதையும் செய்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹ்யூம் 1751இல் எழுதியதுதான் பிடிக்கிறது: சமயம் பார்த்து மட்டும் ஏய்க்கும் புத்திசாலிக்கு, அவன் ஏற்கும்படி பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

நான் கவனித்த ஒன்று உண்டு. ஏய்த்துப் பிழைப்பவர்களால் யாரையும் நம்ப முடிவதில்லை. எல்லோரும் தன்னைப் போலத்தான் என்று நினைக்கிறார்கள். கூடப் பிறந்தவன் எண்ணிக் கொடுத்த பணத்தையும் திரும்ப எண்ணுகிறார்கள். இதை நஷ்டத்தில் சேர்ப்பாயா தெரியாது. நான் சேர்ப்பேன், பெரிய தொகையாகவே.

சரி, காரியத்துக்கு வருகிறேன். உன் ஆட்சேபத்தை எழுத்தில் கொடு, நகல் வைத்துக்கொள். வேறு வேலையும் தேடு. நியாயமாக இருப்பவர் அங்கேயே கிடந்து தேய வேண்டும் என்று யார் சொன்னது? இடையில் சில மாதச் செலவுக்குத் தட்டுப்பாடு வந்தால் என்னிடம் கேள், கூச்சப்படாதே.

அன்புடன்,
அப்பா