ஏற்காடு லூப் ரோடு: ஏறுவதைவிட இறங்குவதுதான் வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் ஏற்காட்டின் உள்பாதைகளைக் காரிலேயே சுற்றிப் பார்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால் லூப் ரோடு, எஸ்டேட் ரோடு, காட்டுக்குள் போகும் மண் ரோடு மூன்றையும் வரைபடத்தில் ஒரே கோடாகப் போட்டுவிட்டீர்கள். மூன்றும் வேறு வேறு. இன்னொரு குறை, மலை ஏறுவதைப் பற்றி இவ்வளவு எழுதியவர் இறங்குவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏற்காட்டில் வெளியூர் வண்டி மாட்டிக்கொள்வது இறக்கத்தில், திருப்புகிற இடத்தில், எதிர்வண்டிக்கு வழிவிட ஓரம் கட்டுகிற இடத்தில்தான்.

முதலில் பாதைகள். ஏரியில் கிளம்பி நாகலூர், மஞ்சகுட்டை பக்கமெல்லாம் சுற்றி மறுபடி ஏரிக்கே வந்து சேரும் லூப் ரோடு சுமார் 32 கிலோமீட்டர். மலைக் கிராமங்களை இணைக்கிற பொது ரோடு அது. இருபுறமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி, நடுநடுவே பலா. இதற்கு ஜீப் வேண்டாம். பிரேக் ஒழுங்காக இருந்தால் சின்ன காரே போதும். அங்கங்கே நிறுத்திப் பார்த்துக்கொண்டு போனால் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

எஸ்டேட் ரோடு தனியார் நிலம். கைப்பேசி மேப்பில் அதுவும் பொது ரோடு மாதிரியே கோடாகத் தெரியும். மறுமுனையில் கேட்டும் சங்கிலியும் இருப்பது மேப்புக்குத் தெரியாது. ஒரு கிலோமீட்டர் இறங்கிப் போய்ப் பூட்டின கேட்டில் முட்டினால், வந்த வழியே ரிவர்ஸில் ஏறவேண்டியதுதான். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பி பறிப்பு. மூட்டை ஏற்றின பிக்கப்பும் டிராக்டரும் அதே ஒற்றைத் தடத்தில் எதிரே வரும். கேட் திறந்து கிடந்தாலும் வாட்ச்மேனைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. விடமாட்டேன் என்றால் அவரோடு மல்லுக்கட்டுவதிலும் அர்த்தமில்லை.

மூன்றாவது, காட்டுக்குள் போகும் மண் ரோடு. அது காப்புக்காடு, அதாவது வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள காடு. அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தால் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் பாயும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிப்ரவரி முதல் மே வரை சரிவெல்லாம் காய்ந்த புல். மலை ஏறி வந்த காரின் சைலன்சர் தொடங்கும் பகுதி பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். முழங்கால் உயரப் புல்லின்மேல் அந்த வண்டியை நிறுத்துவதும் தீக்குச்சி கிழிப்பதும் ஒன்றுதான். போட்டோ எடுக்க நிறுத்துவதானால் தார் மேலோ வெறும் மண்ணிலோ நிறுத்துங்கள்.

இனி இறக்கம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஒன்றரை டன் எடையுள்ள வண்டி இந்த 1,200 மீட்டரை இறங்கும்போது அதன் வேகத்தை முழுக்க பிரேக்கே தாங்கினால், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடு பிறக்கும். மூன்று குடத்துக்கு மேல்! அதைத் தாங்கப்போவது நான்கு சக்கரத்து டிஸ்க்கும் டிரம்மும்தான். ஆகையால் சூட்டில் பெரும்பங்கை எஞ்சினிடம் தள்ளிவிட வேண்டும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்: கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியர் அல்லது இரண்டு, நேர் இறக்கத்தில் இரண்டு அல்லது மூன்று. நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய எஞ்சினில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காவிட்டால் பெட்ரோல் தானாக நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் ஐடிலில் ஓடிக் குடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'டி'யிலேயே விட்டுவிட்டால் அது மேல் கியருக்குத் தாவும். 'எம்' அல்லது 'எல்' போட்டு கியரைப் பிடித்து வைக்க வேண்டும்.

பிரேக்கை விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே வருவது மிக மோசமான பழக்கம். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுதாக எடுங்கள், காற்றுப் பட்டு ஆறட்டும். கருகின வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பிரேக் பிடிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் லைனிங் (டிஸ்க்கையும் டிரம்மையும் உரசிப் பிடிக்கும் பட்டை) சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறின பிறகு 140 டிகிரியே போதும். டாட் 4 ஆயிலுக்கு இதே கணக்கு 230, 155. ஓடும் வண்டியில் பெடல் உள்ளே போனால் மளமளவென்று பலமுறை மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், கைப்பிரேக்கை விட்டு விட்டு இழுங்கள், வண்டியைப் பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைச்சுவரின் பக்கம் சாயுங்கள். எஞ்சினை மட்டும் அணைக்கவே கூடாது. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சேர்ந்து கனத்துவிடும். நிறுத்தின பிறகு சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். ரிவர்ஸ் கியர் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். இப்படி ஒருமுறை கொதித்த ஆயில், ஆறிய பின் சரியாகப் பிடித்தாலும், ஊருக்குப் போனதும் மாற்றப்பட வேண்டியது.

அடுத்து, வழிவிடுவது. குறுகலான மலைரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நிற்க வேண்டும். நிற்கப்போன இடத்தில் இடது சக்கரம் இறங்குவதுதான் இங்கே வழக்கமான விபத்து. தார் ஓரத்தில் பச்சைப்புல் சமதளமாகத் தெரியும். அதற்கு அடியில் ஓர் அடி ஆழத்துக்கு மழைநீர் ஓடை இருக்கும். முன்சக்கரம் இறங்கினால் வண்டியின் வயிறு தார் விளிம்பில் உட்கார்ந்துவிடும், எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்ப் (ஆயில் தொட்டி) அடிவாங்கும். கூட வருகிறவர் யாராவது இறங்கி, குச்சியால் குத்திப் பார்த்துச் சொல்வது கௌரவக் குறைச்சல் இல்லை. ஐந்து பேர் ஏறினாலே தரையிலிருந்து வண்டியின் உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேடுபள்ளமான இடத்தில் ஓட்டுநர் தவிர மற்றவர்கள் இறங்கி நடந்தால் அந்த உயரம் திரும்பக் கிடைக்கும்.

ஒற்றைத் தடத்தில் வண்டியைத் திருப்பும்போது முன்பக்கம் பள்ளத்தைப் பார்க்கட்டும், பின்பக்கம் மலையைப் பார்க்கட்டும். எதிர்மாறாகச் செய்கிறவர்கள் அதிகம். விளிம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும்; பின்னால் போய் இடித்தால் பம்பர்தான் போகும். ரிவர்ஸில் மேடேறும்போது ஹாஃப் கிளட்சிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் கிளட்ச் வாடை வரும். கால் மணி நேரம் எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, மறுபடி கைப்பிரேக்கின் உதவியோடு கிளப்ப வேண்டும்.

டயர் விஷயத்தில் ஒன்று. சேலத்தில் அளவாகப் பிடித்த காற்று மேலே போனதும் மீட்டரில் கூடுதலாகக் காட்டும். மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, ஏறி வந்த டயரும் சூடு. அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்துவிட்டு, கீழே இறங்கி பைபாஸில் நூறில் ஓட்டுவது ஆபத்து. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடி சதுரப் பலகை ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். மழையில் ஊறின செம்மண்ணில் வெறும் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே புதைந்துகொள்ளும்.

சில்வர் ஓக் இலையைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கட்டுரையும் எழுதுவதில்லை. சீப்பு மாதிரிப் பிரிந்த, அடிப்பக்கம் வெள்ளி நிறமான இலை. காய்ந்து வளைவுகளின் உள்ஓரத்தில் அடை அடையாகச் சேரும். தூறல் விழுந்ததும் சோப்பு நுரை மாதிரி வழுக்கும், இருசக்கர வண்டிக்காரர்களை இழுத்துப் போடும். முன்பிரேக்கை அதன்மேல் பிடிக்கவே கூடாது; இலைக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம், ஃபாக் விளக்கு, இருபது கிலோமீட்டர் வேகம். மழைக்காலத்தில் கிளம்பும் முன் ரோடு திறந்திருக்கிறதா என்று விசாரிப்பதும் அவசியம்: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து, வண்டிகள் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடப்பட்டன. காட்டுமாடு ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்தி, அது போகும்வரை பொறுங்கள்; ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்பதைச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

அந்த வரைபடத்தை அடுத்த இதழில் திருத்திப் போடக் கேட்டுக்கொள்கிறேன். லூப் ரோட்டை அழுத்தமான கோடாகவும், எஸ்டேட் ரோடுகளை அனுமதி கேட்க வேண்டியவை என்ற குறிப்போடும் காட்டலாம். காப்புக்காட்டுத் தடங்களைக் காட்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர், கோரிமேடு, சேலம்.