கட்டியவர்களே காத்த தெருக்கள்

சிட்னி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டு வலி குறைந்திருக்கிறதா? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியை விட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போனில் பேசும்போது, "அங்கே எல்லாம் கண்ணாடிக் கட்டடந்தானே, கல் வேலை ஏது?" என்று கேட்டீர்கள். கொத்தனாருக்கு அதைப் போனில் சொல்லித் தீராது, அதனால்தான் எழுதுகிறேன்.

துறைமுகத்தை ஒட்டி 'தி ராக்ஸ்' என்று ஒரு பழைய பகுதி இருக்கிறது. அங்கே குறுக்கே நின்ற பாறை மேட்டை வெட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். ஆர்கைல் கட் என்று பெயர். 1843-ல் கைதிகளைச் சங்கிலியோடு இறக்கி வெட்ட ஆரம்பித்தார்கள். கையால் வெட்டி மாளவில்லை. பிறகு கூலி ஆட்களும் வெடிமருந்தும் வந்து, 1859-ல்தான் வேலை முடிந்தது. பாறைச் சுவரில் உளித் தடம் வரிவரியாக இன்னும் இருக்கிறது. விரலை வைத்தால் பள்ளம் தெரிகிறது. நீங்கள் பார்த்தால் எங்கே ஆள் மாறியது என்றுகூடச் சொல்லிவிடுவீர்கள்.

ஊர் முழுக்க மணற்கல்தான். வெட்டும்போது வெளிறி இருக்கும், காற்றுப் படப்பட மஞ்சள் ஏறித் தேன் நிறத்துக்கு வந்துவிடும். பிர்மான்ட் என்ற இடத்துக் குவாரிகளிலிருந்து ஏராளமாக எடுத்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்தவர்கள் மூன்று குவாரிகளுக்குச் சொர்க்கம், உத்தரிக்கும் ஸ்தலம் (சொர்க்கம் போகுமுன் பாவம் கழுவும் இடம்), நரகக் குழி என்று பெயர் வைத்தார்களாம். கல் எவ்வளவு பாடுபடுத்தியது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

சுண்ணாம்புக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? நம் ஊர் மாதிரியே கிளிஞ்சல் சுட்டுத்தான். ஆனால் அந்தக் கிளிஞ்சல் வந்த வழி மனதை உறுத்துகிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான கடிகல் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி தின்று கரையோரம் குவித்திருந்த மேடுகளையும் அள்ளிச் சுட்டுவிட்டார்கள். இன்று ஓபரா ஹவுஸ் நிற்கும் முனையிலும் அப்படித்தான் நடந்தது. ஓபரா ஹவுஸை நான் ரசிக்காமல் இல்லை. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இனிமேல்தான். 1970 வாக்கில் ராக்ஸ் வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்பத் திட்டம் போட்டார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஏழைகள், துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்கள் போய் நின்றது கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம். மண் வெட்டுகிறவர்கள், கான்கிரீட் போடுகிறவர்கள், இடிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கம் அது. ஜாக் மண்டி என்பவர் செயலாளர். 1971-ல் சங்கம் "இந்த வீடுகளில் கடப்பாரை வைக்க மாட்டோம்" என்று தீர்மானம் போட்டுவிட்டது. பசுமைத் தடை என்று அதைச் சொல்கிறார்கள். இடித்தால் கூலி, அப்புறம் கட்டினால் மறுபடி கூலி. அதை வேண்டாம் என்றார்கள் அப்பா! எங்கள் உழைப்பு எதற்குப் போக வேண்டும் என்று சொல்ல எங்களுக்கும் உரிமை உண்டு என்பதுதான் அவர்கள் வாதம். 1973-ல் வெளி ஆட்களை வைத்து இடிக்கப் பார்த்தபோது குடியிருந்தவர்களும் தொழிலாளர்களும் மறித்து உட்கார்ந்தார்கள். போலீஸ் மண்டியைத் தூக்கிக்கொண்டு போனது. ஆனாலும் ராக்ஸ் தப்பிவிட்டது. இப்போது அங்கே ஓர் இடத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அப்படித் தப்பியவற்றில் சுசானா பிளேஸ் என்ற நான்கு வீட்டு வரிசையும் ஒன்று. 1844-ல் கட்டியது, 1990 வரை ஆள் குடியிருந்தது. இப்போது மியூசியம். மாளிகை ஒன்றும் இல்லை, சின்னச் சின்ன அறைகள், பின்கட்டில் துணி துவைக்கும் இடம். சுவரில் ஒட்டிய காகிதம் அடுக்கடுக்காக உரிந்து தொங்குகிறது. பூசி மெழுகாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ராஜா வீட்டைக் காப்பாற்ற எல்லா ஊரிலும் ஆள் உண்டு. கூலிக்காரர் வீட்டுக்கும் இந்த மரியாதை கிடைத்ததைப் பார்த்ததும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் பேரனிடம் இதைச் சொன்னேன். தாத்தா கட்டிய வீடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்கிறான். இன்னும் நிற்கும் வீடுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செட்டியார் வீட்டு முகப்பையும் விட்டுவிட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்