ஒரே சொல், இரண்டு நீளம்

அன்பு வசந்தா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. நீ அனுப்பிய இரண்டு கோப்புகளையும் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று இருந்தேன். நேற்று ராத்திரி அந்த வேலை முடிந்தது. உன் சிக்கல் பிடிபட்டுவிட்டது.

கண் அறுவைக்குப் பிறகு மறுபடி திரைமுன் உட்கார முடிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேராக உட்கார்ந்த காலத்தில் விசைப்பலகையைக் கையிலிருந்து விடாதவள் நீ. அப்புறம் வீடு, வேலை, எல்லாம் வந்து அதை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. ஓய்வு கிடைத்ததும் நீ முதலில் கையில் எடுத்தது உன் பழைய சொற்பட்டியலைத் தேடிக்கொடுக்கிற ஒரு நிரல் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் பக்கம் பெரிதாகச் செய்தி ஒன்றுமில்லை. பகலில் வேலை, ராத்திரி ஒரு மணி நேரம் புதிதாக நிரல் எழுதப் பழகுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில். இந்தப் பழக்கம் மட்டும் பத்து வருஷமாக விடவில்லை.

அதனால்தான் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி வலித்தது. வெளியில் இணையத்தில் சிலரிடம் கேட்டாய், ஒருவர் "இது ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார், இன்னொருவர் "தப்பு உங்கள் நிரல் கோடில்தான் இருக்கும்" என்றார், அன்றே கேள்வியை அழித்துவிட்டாய். கேட்கிறவர்களையும் பார்க்கிறேன், பதில் சொல்கிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டு பக்கத்தையும் உன்னிடம் பேச வேண்டும். ஆனால் முதலில் உன் பட்டியலில் இருக்கிற 'கொடி' என்ற சொல்.

நீ நிரல் எழுதுவது பைத்தான் என்ற கணினி மொழியில். நீ கேட்டது: "பைத்தானில் தமிழ்ச் சொற்களை ஒப்பிட முடியவில்லை. ஒரே சொல்லை வேறு வேறு என்கிறது." நான் உடனே 'கொடி' என்று இரண்டு தடவை தட்டி ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று என்றது. உனக்குப் பதில் சொன்னவரும் இதைத்தான் செய்திருப்பார், இங்கேதான் நின்றிருப்பார். நான் உன் கோப்பைத் திறந்து, அதிலிருக்கிற 'கொடி'யை எடுத்து நீளம் கேட்டேன். நான் தட்டிய கொடிக்கு நீளம் 4. உன் கோப்பில் இருக்கிற கொடிக்கு 5.

கண்ணுக்கு இரண்டிலும் துளி வித்தியாசம் இல்லை. எழுத்துரு எப்படிப் பெரிதாக்கினாலும் ஒன்றாகத்தான் தெரியும். கணினி ஒவ்வொரு குறியையும் ஒரு எண்ணாகத்தான் வைக்கிறது, அந்த எண் முறைக்குப் பெயர் யூனிகோடு. ஒவ்வொரு குறியின் யூனிகோடு எண்ணையும் வரிசையாக அச்சிட்டேன். என்னுடையதில் ககரத்துக்கு அடுத்து 3018 என்று ஒரே எண். அது ஒகரக் குறி முழுசாக. உன்னுடையதில் 3014, அப்புறம் 3006. அதாவது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. யூனிகோடு இரண்டு வழியையும் அனுமதிக்கிறது, இரண்டும் சமானம் என்றும் சொல்கிறது. ஆனால் பைத்தான் இரண்டு ஸ்டிரிங்கை, அதாவது எழுத்துச் சரத்தை, ஒப்பிடும்போது எண்களை மட்டும் பார்க்கிறது. 3018 வேறு, 3014-ம் 3006-ம் வேறு. அது பொய் சொல்லவில்லை வசந்தா. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்ட வைத்த பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றிய கோப்புகளில் இப்படி நேர்வதுண்டு. உன் பட்டியல் அந்தக் காலத்தது.

தீர்வு சின்னது. பைத்தானிலேயே யூனிகோடுடேட்டா என்று ஒரு மாட்யூல் (தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்பு) இருக்கிறது, அதில் நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து தருகிற துண்டு). என்எஃப்சி என்ற வடிவம் கேட்டால் பிரிந்து கிடக்கிற கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கித் தரும். கோப்பைப் படிக்கும்போது ஒருமுறை, தேடுகிற சொல்லுக்கு ஒருமுறை. ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு விடாதே.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் 'கௌரி' இன்னும் கிடைக்கவில்லை. உன் கோப்பில் அது 'கெளரி' என்று இருக்கிறது. ஒற்றைக்கொம்பு, பக்கத்தில் ளகரம். ஔகாரக் குறியின் வலது பாதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்று, எண்ணில் வேறு: அந்தப் பாதி 3031, ளகரம் 2995. யூனிகோடின் கணக்கில் இது எழுத்துப் பிழை, வடிவ வேறுபாடு இல்லை, அதனால் நார்மலைஸ் தொடாது. கொம்பும் ளகரமும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒரே வரியில் மாற்றிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. மாற்றியிருந்தால் 'கெளுத்தி' பாழாகியிருக்கும். அங்கே அது நிஜமான கெகரம், நிஜமான ளுகரம். உன் பட்டியலில் இப்படி 17 இடம் இருக்கிறது. வரி எண்ணோடு தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். அதைத் தமிழ் தெரிந்த ஒரு கண்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும், உன் கண்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நீ கேட்ட விதத்தில் ஒரு குறை இருந்தது. பழைய உரிமையில் சொல்கிறேன். "ஒப்பிட முடியவில்லை" என்பது நீ யோசித்து வந்து சேர்ந்த முடிவு. நீ கண்ணால் கண்டது வேறு: "கோப்பிலிருந்து படித்த கொடியும் நான் தட்டிய கொடியும் சமமில்லை என்கிறது; இரண்டையும் நானே தட்டினால் சமம் என்கிறது." இந்த ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தால் நீளம் என்ன என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம், நீ கேள்வியோடு அனுப்பிய மாதிரிக் கோடு. பெரிய நிரலை நாலு வரியாகச் சுருக்கியிருந்தாய், அது நல்ல பழக்கம். ஆனால் சுருக்கும்போது கோப்பு தேவையில்லை என்று நினைத்துச் சொற்களை நேராகக் கோடிலேயே தட்டிவிட்டாய். சிக்கல் இருந்ததே கோப்பில்தான். அந்த நாலு வரியை ஓட்டிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாய். ஓட்டியிருந்தால் சரியான விடை வந்திருக்கும், உனக்கே "அட, கோப்பை எடுத்ததும் சரியாகிவிட்டதே" என்று பொறி தட்டியிருக்கும்.

நான் பார்த்தவரைக்கும் பாதிக் கேள்விகளில் விடை இப்படி 'தேவையில்லை' என்று ஒதுக்கிய இடத்தில்தான் கிடக்கிறது. போன மாதம் ஒரு மாணவன், தற்செயல் எண் தருகிற ராண்டம் மாட்யூலில் ராண்டின்ட் என்ற ஃபங்ஷன் இல்லை என்று எரர் வருகிறது, பைத்தானை மூன்று தடவை நிறுவிப் பார்த்துவிட்டேன் என்று எழுதினான். கோடு முழுவதும் அனுப்பினான், ஒரு தப்பும் இல்லை. அவன் சொல்லாதது ஒன்றே ஒன்று: அந்தக் கோப்புக்கு அவன் வைத்த பெயர். அதுவும் ராண்டம். பைத்தான் முதலில் தான் ஓட்டுகிற நிரல் இருக்கிற ஃபோல்டரில்தான் தேடும், அவன் கோப்பையே மாட்யூல் என்று எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது. கோப்பின் பெயரைக் கேள்வியில் எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அதனால் அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டு வாங்குவது பதில் சொல்கிறவர் வேலை.

இன்னொரு பையன், எண்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்ப்பது எப்படி என்று கேட்டான். ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள், எல்லாம் சரியான வழி. நான் எதற்குப் பூஜ்யம் என்று கேட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழியில் வரிசைப்படுத்தினால் 1, 10, 2 என்று வருகிறதாம், பூஜ்யம் சேர்த்தால் ஒழுங்காக வருகிறதாம். அங்கே வரிசைப்படுத்துகிற சார்ட் தானாக எண்களை ஸ்டிரிங்காக மாற்றித்தான் ஒப்பிடும். எப்படி ஒப்பிடுவது என்று ஒரு ஃபங்ஷன் கொடுத்துவிட்டால் போதும். அவன் கேட்டது அவனே கண்டுபிடித்த ஒட்டுவேலைக்கு உதவி. நோவு வேறு இடத்தில் இருந்தது. "எதற்கு" என்ற ஒரு கேள்வியைக் கேட்க அரை நிமிஷம் ஆகுமா?

நீ இன்னும் நிறைய எரர் பார்க்கப் போகிறாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிழைச் செய்தி நீளமாக வந்தால் பயந்து மூடிவிடாதே. பைத்தானில் கடைசி வரியில்தான் என்ன நடந்தது என்று இருக்கும். ஜாவா மொழியில் மேலே ஆரம்பிக்கும், ஆனால் மூலகாரணம் கீழே இன்னொரு தலைப்பில் வரலாம். அது காட்டுகிற வரி எண், கணினிக்குச் சந்தேகம் வந்த வரி. தப்பு அதற்கு மேலேயும் இருக்கலாம். ஒரு வரியில் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் முன்பெல்லாம் பைத்தான் அடுத்த வரியைக் காட்டி இலக்கணப் பிழை என்று மட்டும் சொல்லும். சரியாக இருக்கிற வரியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! 2021-ல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அந்த இடத்தையே காட்டுகிறது. அந்த ஒரு மாற்றம் செய்தவர்களுக்கு நான் மனசார நன்றி சொல்வேன். யாரிடமாவது கேட்கும்போது செய்தியை எழுத்தாகவே ஒட்டு, முழுசாக. திரையைப் படம் எடுத்து அனுப்பினால் யாரும் அதைத் தேடவும் முடியாது, ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

எங்கே கெட்டது என்றே தெரியாதபோது பாதியாக வெட்டு. பாதியை எடுத்துவிட்டு ஓட்டு, சிக்கல் இருக்கிறதா, மீதியிலும் பாதியை எடு. நிரலில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கிற கிட் என்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு பைசெக்ட் என்ற கட்டளை இதையேதான் செய்கிறது: 1000 மாற்றங்களில் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க 10 சோதனை போதும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தை மாற்றாதே. சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அப்படித் தீர்ந்த பிழை திரும்பி வரும்.

"ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்ற பதிலுக்கு வருகிறேன். அது பொய்யில்லை. பெரும்பாலான கேள்விகள் ஏற்கெனவே கேட்கப்பட்டவைதான். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதே என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்கிறது. 1985-ல் வந்த ஐஇஇஇ 754 என்ற நிர்ணயப்படி தசமங்களை இரும எண்ணாக வைக்கும்போது 0.1-ஐ முழுசாக எழுத வழியில்லை, அவ்வளவுதான். ஆனால் இதைத் தேட 'மிதவைப் புள்ளி' என்ற சொல், கணினி தசம எண்ணை வைக்கிற முறையின் பெயர், தெரிந்திருக்க வேண்டும். ஜாவாவில் இன்டிஜர் என்ற முழு எண் பொருள்களாக 127-ஐயும் 127-ஐயும் இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஒன்று என்கிறது, 128-ஐயும் 128-ஐயும் ஒப்பிட்டால் இல்லை என்கிறது. அந்தக் குறி மதிப்பைப் பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே பொருளா என்றுதான் பார்க்கிறது. -128 முதல் 127 வரை ஜாவா முன்கூட்டியே பொருள்களைச் செய்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் தருகிறது, அதைத் தாண்டினால் புதிது புதிதாகச் செய்கிறது. இதை முதல்முறை பார்க்கிறவள் என்ன என்று தேடுவாள்? நோயின் பெயர் தெரிந்தவருக்கு அது பழைய கேள்வி, தெரியாதவளுக்குப் புத்தம்புதுசு. உன்னிடம் அப்படிச் சொன்னவர் கூடவே "யூனிகோடு நார்மலைசேஷன் என்று தேடிப் பாருங்கள்" என்று ஐந்து சொல் சேர்த்திருந்தால், அந்தக் கேள்வியை நீ அழித்திருக்க மாட்டாய். நான் இப்போதெல்லாம் பழைய விடையைக் காட்டும்போது பெயரையும் சேர்த்தே சொல்கிறேன், அது ஏன் அவர்கள் கேள்விக்குப் பொருந்தும் என்று ஒரு வரியும். முன்பு நானும் சொல்லாமல் போனதுண்டு. எத்தனை பேர் உன்னைப் போல அழித்துவிட்டுப் போனார்களோ என்று இப்போது உறுத்துகிறது.

இதையெல்லாம் இனி செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடமே கேட்டுக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தாய். கேள், தப்பில்லை, பெயர் தெரியாத நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்க நிஜமாகவே உதவும். ஆனால் கோப்பை ஒளித்துவைத்து நாலு வரி மட்டும் காட்டினால் அதுவும் அந்த நாலு வரிக்குத்தான் பதில் சொல்லும்.

ஒரு காரியம் செய்வாயா? அழித்த கேள்வியை மறுபடி எழுது. தலைப்பு உன் முதல் தலைப்பாக வேண்டாம்; 'ஒன்றுபோலவே தெரிகிற இரண்டு தமிழ்ச் சொற்கள் சமமில்லை என்று வருகிறது' என்று வை. ஏனென்றால் அடுத்து இதில் மாட்டுகிறவர் கண்ணால் காண்பதும் அதுதான், தேடப்போவதும் அதுதான். இரண்டு கொடியின் நீளத்தையும், குறிகளின் எண்களையும் போடு. கீழே விடையையும் நீயே எழுது. கெளுத்தி விஷயத்தை மறக்காதே, அதைத் தெரியாமல் மாற்றி யாராவது ஒரு அகராதியைக் கெடுத்துவிடப் போகிறார்கள்.

அந்த 17 இடங்களை ஒரே நாளில் பார்க்காதே. மருந்து போட்ட கண். நாளுக்கு நாலு போதும். முடிந்ததும் கோப்பை அனுப்பு, நானும் இங்கே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

உன்,
பூங்கோதை