கொடியில் ஒரு சுயம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மங்கோலிய மொழி சமஸ்கிருதத்தின் மகள் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் எடுத்துக்காட்டிய சொற்கள் பெரும்பாலும் சரியானவைதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்த முடிவு தப்பு. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

நான் கன்னியாகுமரியில் சங்கு, சிப்பிப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். தமிழ் இலக்கியம் படித்தவன், கல்லூரியில் இரண்டு வருஷம் சமஸ்கிருதமும் படித்தேன். சில வருஷம் முன்னால் ஒரு சாயங்காலம் மங்கோலியாவிலிருந்து வந்த கணவன் மனைவி கடைக்கு வந்தார்கள். கடலே இல்லாத நாடு, ஆனாலும் அங்குள்ள புத்த மடங்களில் சங்கு ஊதுவார்கள். அந்த அம்மா ஒவ்வொரு சங்காக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, கையை நீட்டிக் கடலைக் காட்டி "தலாய்" என்றார். தலாய் லாமா என்ற பட்டத்தில் இருப்பது இந்தத் தலாய்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடலைக் குறிக்கும் மங்கோலியச் சொல் அது, 1578இல் அல்தான் கான் என்ற மங்கோலிய அரசர் கொடுத்த பட்டம். கணவரின் தோள்பையில் அவர்கள் நாட்டுக் கொடி தைத்திருந்தது, அதில் தீ, சூரியன், பிறை எல்லாம் மேலும் கீழுமாக அடுக்கிய ஒரு சின்னம். அதற்கு என்ன பேர் என்று கேட்டேன். "சொயோம்போ" என்றார்.

எங்கள் தெருவிலேயே சுயம்பு என்ற பேரில் இரண்டு பேர் இருக்கிறார்கள்! சமஸ்கிருத ஸ்வயம்பு இங்கே சுயம்பு ஆனது, அங்கே சொயோம்போ ஆனது. 1686இல் ஜனபஜார் என்ற மங்கோலியத் துறவி மங்கோலியம், திபெத்தியம், சமஸ்கிருதம் மூன்றையும் எழுத ஒரு எழுத்துமுறை உண்டாக்கி அதற்கு வைத்த பேர் அது, அந்த எழுத்தில் வரும் ஒரு குறிதான் இன்று கொடியில் நிற்கிறது.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். புண்ணியம் அவர்களுக்கு புயன், சந்தனம் ஜந்தன், தீவு திவ் (அது கண்டத்தைக் குறிக்கும்), சுலோகம் ஷுலெக், சூத்திரம் சுதர். கோள்களின் பேரைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். செவ்வாய் அங்காரக், வியாழன் பர்ஹஸ்பாத், வெள்ளி சுகர், சனி சஞ்சிர். பக்கத்திலேயே இருக்கும் நாம் செவ்வாய், வியாழன், வெள்ளி என்று நம் பேர்களையே வைத்திருக்கிறோம், அவர்களோ அங்காரகனையும் பிருகஸ்பதியையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் பௌத்தத்தோடு போனவை, நேராக இங்கிருந்து போகாமல் மத்திய ஆசியாவில் வாழ்ந்த சோக்தியர், உய்குர்கள், அப்புறம் திபெத்தியர் என்று கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்தவை.

சரி, இத்தனை சொல் இருந்தால் மகள்தானே என்று கேட்கலாம். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் ஏகம், த்வி, த்ரி, சதுர், பஞ்ச. ஆங்கிலத்தின் டூ, த்ரீ இந்தத் த்வி, த்ரிக்குச் சொந்தம் என்று காதுக்கே தெரிகிறது. மங்கோலியத்தில் நெக், ஹோயர், குரவ், துரவ், தவ். கண்ணுக்கு நுத், தண்ணீருக்கு உஸ், அப்பாவுக்கு எத்செக். தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்க வேண்டிய சொற்கள் இவைதான், இதில் ஒன்றுகூட வரவில்லை. கைக்கு அவர்கள் கர் என்பதும் நமக்குத் தெரிந்த கரமும் ஒலியில் ஒத்துப்போவது தற்செயல். அந்த வாசகர் அதையும் ஆதாரத்தில் சேர்த்திருந்தார்.

சொல்லை விடுங்கள், சொல்லைக் கட்டும் விதத்தைப் பாருங்கள். வீடு அவர்களுக்கு கெர். 'வீடுகளிலிருந்து' என்பதற்கு கெரூதேஸ்: கெர் வீடு, ஊத் 'கள்', ஏஸ் 'இலிருந்து'. நாம் ஒட்டுகிற அதே வரிசை. சமஸ்கிருதத்தில் க்ருஹேப்யஹ. அதில் பன்மை எங்கே முடிகிறது, வேற்றுமை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டவே முடியாது, ஒரே விகுதியில் இரண்டும் கலந்து கிடக்கும். இரண்டு வீடு என்றால் அதற்குத் தனி வடிவம். ஆண், பெண், நபும்சகம் என்று சமஸ்கிருதப் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால் உண்டு, மங்கோலியத்தில் பாலே கிடையாது. வினைமுற்றும் ஆளுக்கு ஆள் மாறாது. நான், நீ, அவன் யார் போனாலும் யவ்ன தான். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஞான் போகும், நீ போகும், அவன் போகும் என்ற மலையாளம் தினமும் காதில் விழுகிறது.

அதற்காக மங்கோலியம் தமிழுக்குச் சொந்தம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நமக்குப் பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை 'சித்திய' மொழிகள் என்று அவர் அழைத்த, மங்கோலியம் உள்ளிட்ட கூட்டத்தோடு உறவுபடுத்திப் பார்த்தார். அவ்வளவு பெரிய அறிஞர் சொன்னதையும் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. கட்டுமானம் ஒத்திருந்தால் மட்டும் போதாது, அடிப்படைச் சொற்களும் ஒழுங்கான ஒலி மாற்றத்தோடு ஒத்துவர வேண்டும்.

இன்னொன்று. ரத்தினத்தை மங்கோலியர் எர்தெனே என்கிறார்கள். பழைய மங்கோலியத்தில் எந்தச் சொல்லும் 'ர'வில் தொடங்காது, அதனால் முன்னால் ஒரு உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ரஷ்யாவும் ஓரோஸ் ஆனது. நாம் இரத்தினம், அரதனம், உருசியா என்று எழுதுவதும் இதே காரணத்தால்தான், தொல்காப்பியத்திலும் 'ர' சொல்லுக்கு முதலில் வராது. அந்த நூல் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்னிலையில் என்று அதன் பாயிரம் சொல்கிறது, அந்த அதங்கோடு நம் மாவட்டத்து ஊர்தான் என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நாம். சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே விருந்தாளியை ஒரே மாதிரி வாசலில் நிறுத்தி, தங்கள் வழக்கத்துக்கு மாற்றி உள்ளே விட்டிருக்கின்றன. எனக்கு இது மகள் கதையைவிட எவ்வளவோ அழகாகத் தெரிகிறது.

என் அண்ணன் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை வெட்டி நோட்டில் ஒட்டி, பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் சொன்னதற்கு, "சித்தப்பா, பேப்பர்லயே போட்டிருக்கே" என்கிறாள். போட்டி வருகிற வெள்ளிக்கிழமை. அதற்குள் ஒரு சின்னத் திருத்தமாவது வெளியிடுங்கள், அதையும் அதே நோட்டில் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கன்னியாகுமரி.