கௌரியின் நாட்டியமும் ஒரு டிவிடியும்

கும்பகோணம்
12.1.2009

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. கௌரியின் நாட்டியம் பொதிகையில் வரப்போகிறது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார்.

புது டிவிடி ரிக்கார்டரில் பதிந்து பார்த்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று எழுதியிருந்தாய். அதற்காக மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதே. எந்த மோடில், அதாவது எந்தப் பதிவுத் தரத்தில், பதிந்தாய் என்று முதலில் பார். சாதாரண டிஸ்க்கில் இருக்கும் இடம் 4.7 ஜிபிதான். எக்ஸ்பி மோடில் 1 மணி நேரம், எஸ்பியில் 2, எல்பியில் 4, ஈபியில் 6 என்று அந்த இடத்தையேதான் மெஷின் பங்கு போடுகிறது. நேரம் கூடக் கூட ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் இடம் குறைந்துகொண்டே போகும். பல மெஷின்கள் எல்பிக்குப் போனதும் படத்தின் அகலத்தில் இருக்கும் 720 புள்ளிகளைப் பாதியாகக் குறைத்துவிடும்.

நாட்டியத்துக்கு இது ரொம்ப முக்கியம். டிவிடியில் படத்தைச் சுருக்கி வைக்கும் எம்பெக்-2 முறை, பெரும்பாலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும்தான் எழுதி வைக்கும். செய்தி வாசிப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே பேசுவார், பின்னால் எதுவும் அசையாது, அதனால் எல்பியிலும் சமாளித்துவிடலாம். கௌரி தீர்மானம் என்கிற வேகமான ஜதிக் கோர்வையை ஆடும்போது அப்படியா? விசிறி மடிப்பு விரிந்து மூடும், சலங்கைக்கால் தரையில் நிற்கவே நிற்காது, ஜரிகை ஒவ்வொரு அசைவிலும் மின்னும். எழுத வேண்டியது அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. இடம் போதாமல் போனதும் முதலில் கட்டமாக உடைவது விரல்களும் பாதங்களும்தான். முத்திரை தெரியாமல் நாட்டியத்தைப் பதிந்து என்ன பிரயோஜனம்? எக்ஸ்பியிலேயே பதி. டிஸ்க்கின் விலையைப் பார்க்காதே.

அடுத்தது கேபிள் கனெக்‌ஷன். உன் வீட்டில் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும், போன தடவை வந்தபோது பார்த்தேன். நம் கண் அதை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பார்த்துவிடும். மெஷினுக்கோ அந்தப் புள்ளிகளும் ஓயாமல் மாறுகிற படம்தான். கௌரிக்குப் போக வேண்டிய இடத்தை அவை தின்றுவிடும். சிக்னலைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு மாடிக்கு ஒரு வயர் இழுத்திருக்கிறாயே, அன்றைக்கு மட்டுமாவது அதைக் கழற்றிவிடு. உன் மச்சான் வீட்டில் டிஷ் இருக்கிறதல்லவா, ரிக்கார்டரை அங்கே கொண்டுபோய்ப் பதிந்தால் இன்னும் நல்லது. செட்டாப் பாக்ஸில் எஸ்-வீடியோ முனை இருந்தால் மஞ்சள் வயரை விட்டுவிட்டு அதில் இணை. மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போவதால் புடவையின் மெல்லிய கோடுகளில் வானவில் போல நிறம் ஓடும். எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனியாகப் போகும். ஆனால் அதில் படம் மட்டும்தான் வரும், சத்தத்துக்குச் சிவப்பு, வெள்ளை வயர்களை மறக்காமல் செருகு.

ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல் என்றால் வேலை சுலபம். முதலில் அதில் எக்ஸ்பியில் பதிந்து, முன்னும் பின்னும் உள்ள விளம்பரங்களை வெட்டிவிட்டு, ஹை-ஸ்பீடு காப்பி போடு. அப்போது படம் மறுபடி சுருங்காமல் அப்படியே டிஸ்க்குக்குப் போகும். மோடை மாற்றிக் காப்பி செய்தால் மீண்டும் ஒரு தடவை சுருக்கப்படும், தரம் போய்விடும். முடிந்ததும் மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி டிஸ்க்கை முடித்து வைக்கும் ஃபைனலைஸ் வேலையைப் பண்ணு, இல்லாவிட்டால் நீ அனுப்பும் டிஸ்க் என் பிளேயரில் ஓடாமல் போகலாம். மேலே காகித லேபிள் ஒட்ட வேண்டாம்.

உன் கல்யாண வீடியோ கேசட்டையும் டிவிடி ஆக்கப்போவதாகச் சொன்னாய். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் விசிஆரில் போடாதே, டேப்பைப் படிக்கும் ஹெட்டும் சேர்ந்து கெடும். அடுத்த மாதம் அங்கே வரும்போது நானே சுத்தம் செய்து தருகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலிதான் கொஞ்சம் தொந்தரவு, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஒளிபரப்பு எந்தத் தேதி, எத்தனை மணி என்று தெரிந்தவுடன் போன் பண்ணு. நானும் இங்கே ஒரு காப்பி பதிந்து வைக்கிறேன், ஒரு இடத்தில் கரண்ட் போனாலும் இன்னொன்று இருக்கும்.

அன்புடன்,
சேகர்