திருப்படிதானம்: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணாச்சி அவர்களுக்கு,

அரசர் மார்த்தாண்ட வர்மா தம் திருவிதாங்கூர் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்த திருப்படிதானம் வெறும் அரசியல் கணக்கு, பக்தி அதற்குப் போட்ட வேஷம் என்று தக்கலைக் கூட்டத்தில் சொன்னீர்கள். கணக்கு இருந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. வேஷம் என்ற சொல்தான் உறுத்துகிறது.

உங்கள் பக்கத்துக்கு வலுவான சான்று எட்டரை யோகம். ஏனோ அதை நீங்கள் தொடவே இல்லை. திருவனந்தபுரம் கோயிலை நிர்வகித்த அந்தச் சபையில் உறுப்பினர் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு, அரசருக்கு அரை வாக்கு மட்டுமே. கோயில் நிலங்களில் பிடி வைத்திருந்த எட்டு வீட்டில் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்கள், மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிராக முந்தைய அரசரின் மகன்களான தம்பிமாருக்குத் துணை நின்றார்கள். தம்பிமாரையும் பிள்ளைமாரையும் அவர் ஒழித்தார். பிள்ளைமார் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூறு, வடக்கும்கூறு ஆகிய அண்டைச் சிற்றரசுகள் வீழ்ந்து முடிந்த நேரத்தில், 1750 ஜனவரியில், அதாவது கொல்லம் ஆண்டு 925 மகர மாதம் 5-ஆம் நாள், உடைவாளைச் சன்னிதிப் படியில் வைத்துத் திருப்படிதானம் செய்து, பத்மநாபதாசன் என்று அவர் பெயர் சூடிக்கொண்டார். சாமியின் சார்பில் அரசரிடம் "முடியாது" என்று சொல்லக்கூடியவர்களை முதலில் அகற்றிவிட்டுப் பிறகு சாமியிடம் நாட்டை ஒப்படைத்தார் என்றால், அந்த வரிசை தற்செயலாக அமைந்ததென்று நம்ப நானும் தயாராக இல்லை. தோற்ற சிற்றரசர் இனி வாளெடுத்தால் அது ராஜத்துரோகத்தோடு தெய்வத்துரோகமும் ஆகும்.

ஆனால் அதே மனிதர், டச்சுக்காரர்களை வென்ற 1741 குளச்சல் போருக்கும் முன்பே, ஆட்சி இன்னும் ஆட்டங்கண்டிருந்த காலத்திலேயே, 1686-இல் தீப்பிடித்த கோயிலைப் புதுப்பித்து, கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் 12,008 கொண்டு கடுசர்க்கரை என்ற மூலிகைச் சாந்தில் மூலவரை அமைக்கச் செய்தார். அதுவும் செல்வாக்குத் தேடத்தான் என்பீர்கள்; இருக்கலாம். போரில் சிந்திய இரத்தத்துக்குப் பிராயச்சித்தமாக ஆறாண்டுக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் வேதம் ஓதி நடக்கும் முறைஜபத்தை ஏற்படுத்தியதை என்ன சொல்வீர்கள்? வேஷக்காரனுக்குப் பாவபயம் எதற்கு? (அந்த ஜபத்துக்கும் அதையொட்டிய ஊட்டு என்ற விருந்துக்கும் ஆன செலவு எந்தக் குடியானவனின் வரியில் வந்தது என்பது தனி வழக்கு, அதில் நான் உங்கள் கட்சி.)

பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பிரிக்கை மாளிகையை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். கீழ்த்தளத்தில் கருவூலம், அதன் மேலே மூலிகை மரங்களால் ஆன கட்டிலோடு அரசரின் படுக்கையறை, உச்சியில் சுவர் முழுதும் ஓவியம் தீட்டிச் சாமிக்கென்று ஒதுக்கிய அறை. பொதுமக்கள் ஏறி வந்து பார்த்து வியப்பதற்கான இடமல்ல அந்த உச்சி அறை. ஊரை ஏய்க்க நினைத்தவருக்கு அந்தச் செலவு வீண்.

ஆகவே பக்தி உண்மை, தானம் தந்திரம் என்றே நான் படிக்கிறேன். தன் எதிரிகளே தன் சாமிக்கும் எதிரிகள் என்று அவர் மனதார நம்பியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. பிள்ளைமார் குடும்பங்களைப் பொறுத்தவரை, வேஷக்காரர் ஒருவரைவிட அப்படி நம்பிய ஒருவரே ஆபத்தானவர். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதற்கு மறுப்புச் சொன்னால் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்பேன்.

என்றும் அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து உங்கள் தம்பி