முடிச்சைத் தொட்டுப் பார்த்தது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பாறை ஏறப் போன இடத்துல யாராவது விழுந்துட்டாங்கன்னு செய்தி வந்தா மறுநாளே "பசங்கள இதுக்கெல்லாம் அனுப்பலாமா"ன்னு உங்க பேப்பர்ல ஒரு கடிதம் வந்துடுது. அந்த பயம் எனக்கும் இருந்துச்சு. போன சனி ஞாயிறு என் பொண்ணோட கிளைம்பிங் கிளப் பசங்கள வெளியில கூட்டிட்டுப் போனாங்க, துணைக்கு நானும் போனேன், ரெண்டு நாள் கூடவே இருந்து பார்த்தத சொல்லணும்னுதான் இத எழுதறேன்.

உள்ளரங்க சுவர்ல பழகின பசங்க இவங்க. அங்க ஒரே கலர்ல இருக்கிற பிடியா பார்த்துப் பிடிச்சு ஏறிடலாம். நெஜப் பாறையில ஏது கலரு, ஒரு விரல் நுழையற விரிசல கூட கையால தடவித்தான் கண்டுபிடிக்கணும். மொத அரை மணி நேரம் பாதிப் பேர் ஆள் உயரத்த தாண்டல. ராத்திரி மழை பெஞ்சதுனால மறுநாள் காலையில ஏறவே விடல, மணற்கல் ஈரமா இருந்தா பிடி உடைஞ்சு கையோட வந்துடுமாம், காயற வரைக்கும் உக்காந்திருந்தாங்க.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. ஏறறதுக்கு முன்னாடி ஏறற ஆளும் கீழ நின்னு கயிறு பிடிக்கிற ஆளும் ஒருத்தர ஒருத்தர் செக் பண்ணியே ஆகணும், இடுப்புல மாட்டற ஹார்னஸ் பட்டையோட பக்கிள், அதுல கயித்த கட்டற எட்டு வடிவ முடிச்சு, கீழ நிக்கறவர் கயித்த நிறுத்திப் பிடிக்க வச்சிருக்கிற பிலே கருவியில கயிறு போற விதம், அத மாட்டற கராபினர் கொக்கியோட பூட்டு எல்லாத்தையும். வாயால கேட்டா போதாது, தொட்டுப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் பொண்ணு முடிச்சு போட்டுட்டு இருக்கும்போதே யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பிப் பேசிட்டு அப்படியே பாறையில கைய வச்சுட்டா. அவளுக்கு ஜோடியா நின்ன பன்னண்டு வயசுப் பையன் முடிச்சப் பிடிச்சுகிட்டு "அக்கா, கயிறு பாதிதான் திரும்பி வந்திருக்கு"ன்னான். மூணு வருஷமா ஏர்றவ அவ. யாரும் திட்டல, அவுத்துட்டு மறுபடி போட்டா. எனக்குத்தான் கை கால் உதறல் நிக்கவே இல்ல.

இது அனுபவம் இல்லாதவங்க பண்ற தப்பு இல்லீங்க. லின் ஹில்னு உலகப் புகழ் பெற்ற வீராங்கனை, 1989ல பிரான்ஸ்ல இதே மாதிரி முடிச்ச முழுசா போடாமயே ஏறி, மேல போனதும் கயித்துல சாஞ்சப்ப விழுந்தாங்க, நடுவுல மரக்கிளை தடுத்ததால உயிர் பிழைச்சாங்க. அவங்கதான் 1993ல அமெரிக்காவுல எல் கேப்பிட்டன் பாறையோட 'நோஸ்' வழிய, கயித்த விழாம பாதுகாக்க மட்டும் வச்சுகிட்டு, சொந்தக் கை கால் பலத்துல மொத மொதல்ல ஏறி முடிச்சது. அவ்ளோ பெரிய ஆளுக்கே ஒரு நிமிஷம் கவனம் சிதறினா போதும்.

அதான் எனக்கு அந்த கிளப்ப ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கோச் ஏறப் போனப்பவும் ஒரு பொடியன் போய் அவர் முடிச்சத் தொட்டுப் பார்த்தான், அவரும் நின்னு காட்டிட்டுத்தான் ஏறினாரு. பெரியவங்க பண்றதையும் சரியான்னு கேக்கலாம்னு பசங்களுக்கு வேற எங்கங்க சொல்லித் தர்றோம்?

அனுப்பற பெத்தவங்க எவ்ளோ உயரம்னு கேக்கறத விட்டுட்டு, அங்க யார் யார செக் பண்றாங்கன்னு கேளுங்க. உங்க நிருபர்கள் கிட்டயும் ஒரு வேண்டுகோள், அடுத்த தடவ விபத்துச் செய்தி எழுதும்போது விளையாட்டே ஆபத்துன்னு முடிச்சுடாம, முடிச்ச யாரு பார்த்தாங்க, கயிறு எத்தன வருஷப் பழசு, ஹெல்மெட் போட்டிருந்தாங்களான்னு விசாரிச்சு அதையும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா